பெயர் சொன்னவனின் கடன்

சாதிக்காய் மரம் ஆணா பெண்ணா என்பதை அது பூக்கும் வரை பார்த்துச் சொல்ல முடியாது. விதையை மண்ணில் இட்டு ஆறு, ஏழு, சில வேளை எட்டு வருடங்கள் கழிந்த பின்னரே அது தன்னை வெளிக்காட்டும். பெண் மரம் காய்க்கும். ஆண் மரம் பூத்து உதிர்த்துவிட்டு நிற்கும். கண்டி மாவட்டத்தில் தோட்டம் துரவு உள்ள வீடுகளில் இது சிறு பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும் ஒரு நாள் இரண்டு கன்றுகளை ஒரு பெண்மணியின் கையில் கொடுத்து, "ரெண்டும் பொம்பள மரந்தான்" என்று சொன்னேன். அந்த வார்த்தையைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறேன். ஒன்றுக்குப் பெயர் சொல்பவன் எதற்கெல்லாம் பொறுப்பாளி? தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்வதும், தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பதும் ஒரே அளவான குற்றங்களா?

எனது ஊர் கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் வீதியில், அக்குறணையைத் தாண்டி உள்ளே செல்ல வேண்டிய ஒரு மலைக் கிராமம். எங்கள் வளவின் கீழால் ஓடும் ஓடை பிங்கா ஓயாவில் போய்ச் சேருகிறது. வாப்பாவுக்கு அரை ஏக்கர் தோட்டம் இருந்தது. மிளகுக் கொடி, கராம்பு, பலா, அவற்றின் நிழலில் ஏழெட்டுச் சாதிக்காய் மரங்கள். காய் வெடித்து விழும் காலத்தில் விடியற்காலையில் பொறுக்கப் போவோம். தோலைப் பிளந்து, கொட்டையைச் சுற்றியிருக்கும் சிவந்த வசுவாசியைக் கிழியாமல் கழற்றித் தனியே காய வைப்பது உம்மாவின் வேலை. கொட்டையை விடவும் வசுவாசிக்கே கடைக்காரர் கூடிய விலை கொடுப்பார்.

ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்து ஊர்ப் பாடசாலைக்கு வந்த பின்னர் எனக்கு வேறொரு பைத்தியம் பிடித்தது. தோட்டத்துச் சாதிக்காய் இந்த மண்ணுக்கு வந்தேறிய மரம். அதன் சொந்த ஊர் இந்தோனேசியாவின் பண்டா தீவுகள். ஆனால் அதன் இரத்த உறவுகள் எமது காடுகளில் ஆதி முதல் இருக்கின்றன. சிங்களவர் மலபொட என்றும் நாம் காட்டுச் சாதிக்காய் என்றும் சொல்லும் மரம் அவற்றில் ஒன்று. நக்கிள்ஸ் மலைத்தொடரின் ஈரமான காடுகளில் அது பெரு மரமாக வளரும். பட்டையை வெட்டினால் இரத்தம் போல் சிவந்த நீர் கசியும். ருக் என்று சிங்களத்தில் அழைக்கப்படும் இன்னொரு மரமும் அந்தக் குடும்பம்தான். கேர்ட்னர் என்ற ஜேர்மானிய அறிஞர் 1788இல் வெளியிட்ட தமது நூலில் இவ்விரண்டையும் விவரித்துப் பெயரிட்டார். அவர் இலங்கைக்கு வந்தவரல்லர். ஐரோப்பாவில் இருந்துகொண்டு, தமது கைக்குக் கிட்டிய கனிகளையும் விதைகளையும் வெட்டிப் பார்த்து எழுதியவர். மலபொடவுக்கு அவர் வைத்த பெயரில் விரல் என்றும் பேரீச்சம்பழம் என்றும் பொருள்படும் கிரேக்கச் சொல் இருக்கிறது. ருக் மரத்துக்கு வைத்த பெயரிலோ இரியகெடி என்ற சிங்களச் சொல் அப்படியே இலத்தீன் வேடமிட்டு நிற்கிறது. யாரோ ஒரு கிராமத்தான் சொன்ன பெயர் அது. சொன்னவனின் பெயர் எங்கும் இல்லை.

இந்தக் காட்டு உறவுகளை விதையிலிருந்து வளர்த்து, தோட்டத்து மரத்தோடு பக்கம் பக்கமாக வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்பதே எனது ஆசை. சொல்வது போல அது இலகுவான காரியமல்ல. இந்தக் குடும்பத்து விதைகளுக்குப் பொறுமை கிடையாது. மரத்திலிருந்து விழுந்த சில நாட்களுக்குள், ஈரம் உலர முன்னர், மண்ணுக்குள் போய்விட வேண்டும். ஓட்டுக்குள் பருப்பு கலகலவென்று ஆடத் தொடங்கிவிட்டால் அது கறிக்கு உதவுமே தவிர முளைக்காது. மணலும் உக்கிய இலையும் கலந்த மேடையில் விதையைப் படுக்க வைத்து, நிழல் கட்டி, ஈரம் காயாமல் ஒன்றரை இரண்டு மாதங்கள் காத்திருக்க வேண்டும். முளைத்ததும் பொலித்தீன் பைக்கு மாற்ற வேண்டும். காட்டு மரத்தின் விதை கிடைப்பது அதை விடவும் கடினம். இருவாய்ச்சியும் பெரிய காட்டுப் புறாவும் எமக்கு முன்னரே போய்விடுகின்றன. மரத்தடியில் தேடுவதும், பறவைகள் தங்கும் வேறு மரங்களின் கீழே அவை கக்கிவிட்டுப் போனதைத் தேடுவதுமாக ஒரு விடுமுறை முழுவதும் அலைந்து, பதினேழு விதைகள் சேர்த்தேன். அவற்றில் பதினொன்று முளைத்தன.

விதையாக இருக்கும்போது அடையாளம் காண்பது அவ்வளவு சிரமமல்ல. சாதிக்காயிலும் மலபொடவிலும் வசுவாசி விரல்களாகக் கிழிந்து கொட்டையைப் பற்றியிருக்கும். ருக் விதையிலோ அது கிழியாமல் முழு உறையாக மூடியிருக்கும். முதிர்ந்த மரமென்றால் இலையின் பருமனும் கனியின் தோலும் காட்டிக் கொடுத்துவிடும். மலபொடக் காயின் தோலில் துரு நிறத்தில் மயிர் படர்ந்திருக்கும். தோட்டத்துக் காய் வழுவழுப்பாக மஞ்சளித்துப் போகும். இடையில் இருக்கும் காலம்தான் ஆபத்தானது. நாலைந்து இலைகளோடு பையில் நிற்கும் கன்றுகள் கண்ணுக்கு ஒரு தாய்ப் பிள்ளைகள். அப்போதும் ஒரு வழி இருக்கிறது. இலையைக் கசக்கி முகர வேண்டும். தோட்டத்துச் சாதி மணக்கும். காட்டுச் சாதி அவ்வாறு மணக்காது.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் மழையில் எனது நாற்றுமேடையின் பெயர்த் தடிகள் எல்லாம் வெளுத்துப் போயின. எழுதியிருந்த மை கழுவுண்டு விட்டது. போதாததற்கு, பாடசாலை விழாவொன்றுக்காக வளவைச் சுத்தம் செய்த பிள்ளைகள் பைகளைத் தூக்கி இடம் மாற்றி அடுக்கியிருந்தார்கள். அன்று மாலை நான் புதிய தடிகளைச் சீவி, ஞாபகத்தை நம்பி மறுபடி பெயர் எழுதினேன். ஒரு இலையைக் கூடக் கசக்கிப் பார்க்கவில்லை. மஃரிபுக்கு நேரமாகிவிட்டது என்பதுதான் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம்.

அதற்கு அடுத்த மாதம் எங்கள் ஊர்ச் சாச்சி ஒருவர் வந்தார். இரத்த உறவல்ல. ஊர் முறையில் சாச்சி. கணவர் கண்டி நகரில் சில்லறை வியாபாரம் செய்தவர், மௌத்தாகிவிட்டார். இத்தா முடிந்து அவர் வெளியே வந்த முதல் வாரங்கள் அவை. மகள் எனது வகுப்பில் படித்தாள்.

"மாஸ்டர், ரெண்டு சாதிக்காக் கண்டு தாங்களேன். புள்ள வளர்ற நேரத்துக்கு மரமும் வளர்ந்து ஒதவும்" என்றார். நான் எடுத்துக் கொடுத்ததும் கேட்டார்: "பொம்பளதானே?"

இலையின் வடிவத்தைப் பார்த்து ஆண் பெண் சொல்லலாம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது நம்பத்தக்கதல்ல என்பதும் எனக்குத் தெரியும். ஆயினும் எதிரில் நிற்பவர் துக்கத்திலிருந்து வந்தவர். நான் மாஸ்டர். "ரெண்டும் பொம்பள மரந்தான். நல்ல சாதி" என்று சொல்லிவிட்டேன். காசு வாங்கவில்லை. காசு வாங்காததனால் நான் செய்தது தர்மம் என்றே அன்றிரவு நினைத்துக்கொண்டேன்.

2017இல் அவரது வீட்டுக்கு ஒரு கத்தத்துக்காகப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்ததும் சாச்சி என்னைப் பின்வளவுக்கு அழைத்துப் போனார். இரண்டு மரங்களும் ஆளுயரத்துக்கு வந்திருந்தன. "இதப் பாருங்க மாஸ்டர், மத்தத விட இது எவ்வளவு கொழுப்பா ஈக்கிது" என்று ஒன்றைத் தடவிக் காட்டினார். அதன் இலைகள் மற்றதை விடப் பெரியவை, தடித்தவை. நான் ஒரு இலையைப் பறித்துக் கசக்கினேன். மணம் இல்லை. அவர் மெச்சி நின்ற மரம்தான் காட்டு மரம்.

நான் சிரித்தேன். "நல்லா வருது" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை வரும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த முறையும் சொல்லவில்லை. இப்படியே நான்கு வருடங்கள் போயின.

2021இல் மற்ற மரம் பூத்தது. சிறிய மணி போன்ற வெளிர் மஞ்சள் பூக்கள், கொத்துக் கொத்தாக. பெண் மரத்தில் பூ பெரும்பாலும் தனித்தோ ஓரிரண்டாகவோதான் வரும். 2022, நாடே எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற ஆண்டு. அந்த நாட்களில் ஒரு மாலை சாச்சி வீடு தேடி வந்து, "பூ நெறய விழுது மாஸ்டர். காய் ஒண்டும் நிக்கல்லயே?" என்று கேட்டார். இனி ஒளிக்க இடமில்லை. ஒரு மரம் ஆண் என்றேன். மற்றது சாதிக்காயே அல்ல, காட்டு மரம் என்றேன். அது எனக்கு நான்கு ஐந்து வருடங்களாகத் தெரியும் என்பதையும் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "ஆணா வந்தது ஏன்ட நஸீப் மாஸ்டர். அது அல்லாஹ்வுக்கு மட்டும் தெரிஞ்ச விஷயம். மத்தது ஒங்களுக்கும் தெரிஞ்ச விஷயந்தானே?"

அன்றிலிருந்து அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டு திரிகிறேன். எழுத்தறிவு குறைந்த அந்தப் பெண்மணி எனது தவறுகளை எனக்கே பிரித்துக் காட்டினார். அவற்றை மூன்றாக நான் காண்கிறேன்.

முதலாவது, பார்க்கக் கூடியதைப் பார்க்காமல் விட்டது. ஒரு இலையைக் கசக்க அரை நிமிடம் போதும். இது சோம்பேறித்தனம். மனிதனுக்கு நேரக் கூடியதுதான். ஆனாலும், பார்க்காமல் எழுதிய தடியும் பார்த்து எழுதிய தடியும் நாற்றுமேடையில் ஒரே மாதிரித்தான் நிற்கும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பெயரை வாசிப்பவனுக்கு அதன் பின்னால் ஒரு கண்ணும் மூக்கும் இருந்தனவா என்பது தெரியாது. அவன் நம்புவது எழுதியவனை.

இரண்டாவது, எவருக்கும் தெரிய முடியாததைத் தெரிந்ததாகச் சொன்னது. இதற்கு நான் வைத்திருந்த சமாதானம் இரக்கம். துக்கத்தில் இருப்பவரிடம் "தெரியாது" என்று எப்படிச் சொல்வது? ஆனால் பின்னர் ஒரு கடதாசியில் எளிய கணக்கொன்றைப் போட்டுப் பார்த்தேன். விதையில் முளைத்த சாதிக்கன்று ஆணாவதும் பெண்ணாவதும் ஏறத்தாழச் சரிபாதி. இரண்டு கன்று நட்டால் இரண்டுமே ஆணாகப் போவதற்கு நாலில் ஒரு வாய்ப்பு. நாலு கன்று நட்டால் நாலுமே ஆணாவதற்குப் பதினாறில் ஒரு வாய்ப்புத்தான். "சாச்சி, ஆணா பெண்ணா என்று எனக்குத் தெரியாது, ஆகையால் நாலைந்தாக நடுங்கள், பூத்த பின் வேண்டாததை வெட்டலாம்" என்று சொல்லியிருந்தால் இன்று அவரது வளவில் பெரும்பாலும் ஒரு காய்க்கும் மரமாவது நின்றிருக்கும். என்னிடம் கன்றுகளும் இருந்தன. ஆக, எனது பொய்யான உறுதி அவருக்கு ஆறுதல் கொடுத்தது என்பதே தவறு. அவர் எடுத்திருக்க வேண்டிய முன்னெச்சரிக்கையை அது அவரிடமிருந்து பறித்தது. "தெரியாது" என்ற சொல்லுக்குள் ஒரு பெரிய உதவி இருந்தது. அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் கேட்கப்பட்ட நாற்பத்தெட்டுக் கேள்விகளில் முப்பத்திரண்டுக்கு அவர் தெரியாது என்றே பதிலளித்ததாகச் சொல்லப்படும் செய்தியை நம்மில் பலர் மேடைகளில் கேட்டிருப்போம். அதைக் கேட்டுத் தலையாட்டுவது இலகு. ஊரில் ஒரு மாஸ்டர் இரண்டு முறை தெரியாது என்றால் மூன்றாம் முறை எவரும் கேட்க வர மாட்டார்கள் என்ற பயம் இருக்கிறதே, அதுதான் நாவைப் புரட்டுகிறது.

இந்தச் சோதனை எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இதே மரத்தின் வரலாற்றில் இதை விடப் பெரிய மனிதர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. 1621இல் பண்டா தீவுகளைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கம்பனி, சாதிக்காய் வேறெங்கும் முளைத்துவிடக் கூடாதென்று கொட்டைகளைச் சுண்ணாம்பில் தோய்த்தே ஏற்றுமதி செய்தது. அந்த ஏகபோகத்தை உடைக்க முயன்றவர் பியேர் புவாவ்ர் என்ற பிரெஞ்சுக்காரர். 1750களில் அவர் சில சாதிக் கன்றுகளை மொரிசியஸ் தீவுக்குக் கொண்டு வந்தார். அங்கிருந்த தாவரவியலாளர் பியூசே ஓப்லே அவை உண்மையான சாதிக்காய் அல்ல என்று அறிவித்தார். இருவருக்கும் பகை மூண்டது. கன்றுகள் பூக்க முன்னரே பட்டுப்போயின. ஓப்லேதான் அவற்றைக் கொன்றார் என்று புவாவ்ர் குற்றஞ்சாட்டினார். பூ வந்திருந்தால் ஒரே காலையில் தீர்ந்திருக்கக் கூடிய வழக்கு தீராமலே போயிற்று. 1770இல் மறுபடியும் கன்றுகள் வந்தன. அவற்றில் முதற்காய் பறிக்கப்பட்டது 1778இல். புவாவ்ர் அதற்கு ஆறு ஆண்டுகள் முன்னரே தீவை விட்டுப் போய்விட்டார். உண்டு என்று சொல்வது போலவே, இல்லை என்று சொல்வதும் ஒரு சாட்சியம்தான் என்பதை ஓப்லேயின் கதை எனக்குக் கற்றுத் தந்தது. இரண்டுக்கும் காத்திருக்க வேண்டும். காத்திருப்பவன் தனது பெயர் மெய்ப்படுவதைக் காணாமலும் போகலாம்.

மூன்றாவது தவறுதான் பாரமானது. 2017இல் எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றே சொல்லியிருந்தால் அந்த மரத்தை எடுத்துவிட்டு, பெண் மரத்தின் கிளையிலிருந்து ஒட்டிய கன்றொன்றை நட்டிருக்கலாம். ஒட்டுக் கன்று நாலைந்து வருடங்களில் காய்க்கத் தொடங்கும். அது பெண் என்பதில் சந்தேகமும் இல்லை. ஏனெனில், காய்ப்பதைக் கண்ணால் கண்ட மரத்திலிருந்து வந்த கிளை அது. அதாவது 2022இல், அவருக்கு ஒவ்வொரு ரூபாவும் தேவைப்பட்ட அந்த ஆண்டில், முதற்காய் விழுந்திருக்கும். எனது மௌனத்தின் விலையை என்னால் மாதக் கணக்கில் சொல்ல முடியும். முதலிரண்டு தவறுகளுக்கும் அறியாமை ஓரளவு துணைக்கு வரும். மூன்றாவதற்கு எவரும் வர மாட்டார்கள்.

பழத்தின் பக்குவம் வெளிப்படும் முன்னர் அதை மரத்தில் வைத்தே விற்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்பதை நாம் அறிவோம். எமது பகுதியில் மிளகையும் கராம்பையும் பிஞ்சிலேயே குத்தகைக்குக் கொடுக்கும் வழக்கம் இருப்பதால் பள்ளிவாசலில் அடிக்கடி பேசப்படும் விடயம் அது. பொருளின் குறையை மறைத்து விற்பதும் அப்படித்தான். நான் விற்கவில்லையே என்று எனக்குள் ஒரு வழக்கறிஞன் வாதாடுகிறான். உண்மைதான், காசு கைமாறவில்லை. ஆனால் ஏழு வருடங்கள் கைமாறியிருக்கின்றன. அவர் தண்ணீர் ஊற்றிய ஏழு வருடங்கள். அந்த இடத்தில் வேறொரு மரம் நின்றிருக்கக் கூடிய ஏழு வருடங்கள். இலவசமாகக் கொடுத்த பொருளில் குறை சொல்ல வாங்கியவர் கூச்சப்படுவார். ஆகவே கொடுத்தவனே சொல்ல வேண்டிய கடமை அங்கு குறைவதில்லை, கூடுகிறது.

இவ்விடத்தில் நண்பர்கள் சிலர் என்னிடம் சொன்ன மறுப்பொன்றையும் எழுத வேண்டும். காட்டு மரம் என்ன, வீண் மரமா? அதன் கனி பறவைக்கு உணவு. அதன் வேரில் நல்ல சாதியை ஒட்டலாம். கேரளத்தில் காட்டுச் சாதிகளை அடிமரமாக்கி ஒட்டுகிறார்கள். ஆண் மரமும் அவ்வாறே. பத்துப் பெண் மரங்களுக்கு ஓர் ஆணாவது இல்லாவிட்டால் தோட்டம் காய்க்காது. அப்படியிருக்க நீ ஏன் இவ்வளவு வருந்துகிறாய்? அவர்கள் சொல்வதெல்லாம் உண்மை. காட்டுச் சாதி மீது எனக்கிருக்கும் பிரியம் குறையவுமில்லை. மதிப்பில்லாத மரம் என்று ஒன்றை நான் பார்த்ததில்லை. ஆனால் மரத்தின் மதிப்பு வேறு, எனது வார்த்தையின் மதிப்பு வேறு. சாச்சி பறவைக்குத் தீனி நடக் கேட்கவில்லை. மகளுக்காக நடக் கேட்டார். நான் இழைத்த பிழையிலிருந்து அல்லாஹ் ஒரு நன்மையை உண்டாக்கலாம். அதை எனது கணக்கில் வரவு வைக்க எனக்கு உரிமையில்லை.

அப்படியானால் பூக்கும் வரை எதற்குமே பெயர் சொல்லாமல் இருப்பதுதான் நேர்மையா? அதுவும் ஆகாத காரியம். பெயரில்லாத கன்றை எவரும் நட மாட்டார்கள். பெயரைச் சொல்லும்போது அதன் அளவையும் சேர்த்துச் சொல்வதே வழி என்று இப்போது நினைக்கிறேன். எங்கிருந்து வந்தது, யார் சொன்னது, எதைப் பார்த்தேன், எதைப் பார்க்கவில்லை. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் வரிசைக்கு நாம் கொடுக்கும் மரியாதையின் ஒரு துளி இதற்கும் தேவை. ஆயிரத்து நானூறு அளவிலான மருந்துப் பொருட்களைத் தொகுத்த இப்னுல் பைத்தார், எந்தச் செய்தியை எந்த அறிஞரிடமிருந்து எடுத்தார் என்பதைப் பெயர் சொல்லி எழுதியதோடு, தமது சொந்தக் கூற்றையும் தமது என்றே பிரித்துக் காட்டினார்.

இதே ஒழுக்கத்தை வேறொரு உருவில் பேராதனையில் காணலாம். அங்குள்ள தேசிய உலர்தாவரகத்தில் உலர்த்திய செடிகள் தாளில் ஒட்டிப் பாதுகாக்கப்படுகின்றன. 19ஆம் நூற்றாண்டில் பேராதனைப் பூங்காவுக்குப் பொறுப்பாயிருந்த துவைற்ஸ், ட்ரைமன் போன்றோரின் காலத்துச் சேகரிப்புகளும் அவற்றில் அடங்கும். ஒரு தாளில் எழுதிய பெயர் பிழையென்று பின்னால் வரும் ஆய்வாளர் கண்டால், இத்துறையின் வழக்கப்படி பழைய சீட்டைக் கிழிப்பதில்லை. தமது முடிவையும் தமது பெயரையும் ஆண்டையும் எழுதிய புதிய சீட்டொன்றைப் பக்கத்தில் ஒட்டுவார். பிழையும் அதைத் திருத்திய கையும் ஒரே தாளில் இருக்கும். பிழை செய்தவர் அவமானப்படுவதில்லை. பிழை மறைக்கப்படுவதுமில்லை. எனது மூன்றாவது தவறுக்கான மருந்து இதுதான். 2017இல் நான் செய்ய வேண்டியிருந்தது ஒரு புதிய சீட்டை ஒட்டுவது மட்டுமே.

வருட முடிவில் பிள்ளைகளின் முன்னேற்ற அறிக்கைகளிலும், பாடசாலையை விட்டுப் போகும்போது கேட்கும் நற்சான்றிதழ்களிலும் நான் எழுதுகிறேன். "கெட்டிக்காரன்", "கவனமற்றவள்", "சாதாரணம்". பதினைந்து வயதுப் பிள்ளையின் இலையைக் கசக்கிப் பார்க்காமல் ஞாபகத்திலிருந்து எழுதிய தடிகள் எத்தனை இருக்கும்? அவற்றில் எத்தனைக்கு நான் பிறகு புதிய சீட்டு ஒட்டினேன்? இந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. சாதிக்காயைப் பற்றி எழுத உட்கார்ந்தவனுக்கு இதுவும் வந்து நிற்கிறது என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன்.

சாச்சிக்கு இரண்டு ஒட்டுக் கன்றுகள் வாங்கிக் கொடுத்தேன். அவர் ஒரு நிபந்தனை போட்டார். "இந்த முற மாஸ்டர் செல்ல வேணாம். ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்து ஆபிஸர் வந்து செல்லட்டும்." அது நியாயமான நிபந்தனை. வலித்தது. உத்தியோகத்தர் வந்து பார்த்துச் சொன்ன பின்னரே அவர் குழி வெட்டினார். ஆண் மரத்தை அவர் விட்டு வைத்திருக்கிறார், புதிய மரங்களுக்கு வேண்டுமென்று. காட்டு மரத்தையும் வெட்டவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இன்னும் திரும்பி வரவில்லை.

எனது நாற்றுமேடையில் இன்றும் காட்டு விதைகள் முளைக்கின்றன. தடிகளை இப்போது தகரத்தில் வெட்டி, ஆணியால் கீறி எழுதுகிறேன். மழை கழுவாது. இந்த வருடம் முளைத்தவற்றுக்கு முன்னால் குத்தியிருக்கும் தகட்டில் இப்படி இருக்கிறது: "காட்டுச் சாதி என்று நினைக்கிறேன். விதை ஓடைக் கரையில் எடுத்தது. இலை கசக்கினேன், மணம் இல்லை. பூ பார்க்கவில்லை." கீழே எனது பெயரும் திகதியும். அதன் கீழே ஒரு விரற்கடை இடம் வெறுமையாக விட்டிருக்கிறேன், பின்னால் பார்ப்பவர் எழுதுவதற்கு.